அந்தப் பையனின் ஆங்கிலம்

ஐயா,

கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே. லட்சுமணனைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைக் கேலி செய்து அவர் வரைந்த படத்தைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. பொள்ளாச்சித் துப்பாக்கிச் சூட்டின்போது நான் பள்ளி மாணவன். எங்களைப் படிப்பறிவில்லாத கல்லெறிகாரர்களாகக் காட்டியவரை மேதை என்கிறீர்கள். அரசியல்வாதிகளை விட்டுவைக்காத கார்ட்டூனிஸ்டுகள் தங்களுக்குள் மட்டும் ஏன் ஒருவரையொருவர் விட்டுவைக்கிறீர்கள்?

ஓய்வுபெற்ற ஆசிரியர், பொள்ளாச்சி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

விட்டுவைத்ததை ஒப்புக்கொள்கிறேன். கொங்கு நாட்டில் வசவைக்கூட ‘ங்க’ சேர்த்துத்தான் வைவோம். மூத்தவர் ஒருவரின் பிழையைச் சொல்ல வரும்போது என் பேனாவிலும் அந்த ‘ங்க’ வந்து ஒட்டிக்கொள்கிறது.

நீங்கள் சொல்லும் படத்தில் கையில் கல்லோடு ஒரு மாணவன் நிற்கிறான்; இந்தி கட்டாயமில்லை, ஆங்கிலம் தொடரும் என்ற உறுதிமொழிகள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கின்றன; பையனுக்கு ஆங்கிலமும் படிக்கத் தெரியவில்லையே என்பது அடிவரி. கேலியாக அது கச்சிதமானது, ஆனால் விவரம் தெரியாத கேலி. ஏனென்றால் அன்றைய சண்டையே ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றியது. 1963-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் ஆங்கிலம் ‘தொடரலாம்’ என்ற பொருளில் ‘மே’ என்று எழுதியிருந்தது. அதை ‘ஷேல்’, அதாவது ‘தொடர்ந்தே ஆகவேண்டும்’ என்று மாற்றுங்கள், ‘மே’ என்றால் தொடராமலும் போகலாம் என்று மாநிலங்களவையில் அண்ணா வாதாடினார். நேரு வாயால் கொடுத்த உறுதி சட்டத்தில் ஏறவில்லை என்பதுதான் தெருவுக்கு வந்த மாணவனின் கோபம். அந்தப் பையனுக்கு ஆங்கிலம் நன்றாகவே படிக்கத் தெரிந்திருந்தது. அவனை வரைந்தவர்தான் அந்த ஒரு சொல்லைப் படிக்கவில்லை. உங்கள் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரரான சி. சுப்பிரமணியம் மத்திய அமைச்சர் பதவியிலிருந்தே விலகக் கடிதம் கொடுத்தார் என்றால், அந்த உறுதிமொழிகளை நம்பாதவர்கள் கல்லெறிந்த பையன்கள் மட்டுமல்லர். சத்தியமங்கலம் முத்துவும் பீளமேடு தண்டபாணியும் உயிரைக் கொடுத்த ஆண்டு அது.

1951-இலிருந்து லட்சுமணன் வரைந்துவந்த கட்டம்போட்ட கோட்டு அணிந்த சாமானியன், வாய் திறக்காமல் ஓரத்தில் நின்று ஆள்பவர்களைப் பார்ப்பவன். இந்த ஒரு படத்தில் அவர் ஆள்பவர்கள் நின்ற இடத்திலிருந்து சாமானியனைப் பார்த்துவிட்டார். பம்பாயில் உட்கார்ந்திருப்பவருக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும். ஈரோட்டிலிருந்து காஷ்மீரை வரையும்போது நானும் இதே பிழையைச் செய்திருக்கக்கூடும் என்பதால் அவரை மேதை என்று சொன்னதைத் திரும்பப் பெறவில்லை.

ஆனால் 2012-இல் இந்தப் படத்தை என்.சி.இ.ஆர்.டி. பள்ளிப் பாடநூலிலிருந்து நீக்கச் சொல்லித் தமிழகக் கட்சிகள் குரல் கொடுத்தபோது எனக்கு அதில் உடன்பாடில்லை, இன்றும் இல்லை. 1987-இல் அட்டைப்பட நகைச்சுவை ஒன்றுக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்பிரமணியனுக்கு 3 மாதக் கடுங்காவல் விதித்தது நம் சட்டமன்றம்தான். 2025 பிப்ரவரியில், பிரதமரை விலங்கிட்டவராகக் காட்டிய ஒரு படத்துக்குப் பிறகு விகடன் இணையதளம் முடக்கப்பட்டபோது நாம் எல்லோரும் கொதித்தோம். நமக்கு வலிக்கும் படத்துக்கு மட்டும் கத்தரிக்கோல் கேட்டுவிட்டு, அடுத்தவருக்கு வலிக்கும் படத்துக்குச் சுதந்திரம் கேட்க முடியுமா? நீங்கள் ஆசிரியர், ‘மே’ என்ற துணைவினையை விளக்க அந்தப் படத்தைவிட நல்ல உதாரணம் வகுப்பறையில் உங்களுக்குக் கிடைத்திருக்காது.

ஒரு கார்ட்டூனிஸ்ட் இன்னொருவருக்குக் கட்டுரையால் பதில் சொல்வது பாதிப் பதில்தான். 1965 பிப்ரவரி 12 அன்று பொள்ளாச்சியில் நீங்கள் கண்டதை எனக்கு எழுதி அனுப்புங்கள். அந்தப் பையனை நான் வரைகிறேன். அவன் கையிலிருக்கும் கல்லை எடுத்துவிட மாட்டேன், கல்லும் எறியப்பட்டதுதானே. மற்றொரு கையில் 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொடுத்து, ‘மே’ என்ற சொல்லின்மேல் அவன் விரலை வைத்துவிடுகிறேன்.