ராஜினாமா கடிதம் இப்போது வேண்டாம்

கேள்வி: என் கணவருக்கு வயது 48. பெருங்குடல் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவிவிட்டது என்கிறார்கள். பரேல் டாடா மெமோரியலில் கீமோ தொடங்கப்போகிறது. அவர் கம்பெனியில் 5 லட்சத்துக்கு குரூப் மெடிக்ளைம் உண்டு. தனியாக ஹெல்த் பாலிசி இல்லை. பி.எஃப். 14 லட்சம், எஃப்.டி. 6 லட்சம், 15 லட்சத்துக்கு எல்.ஐ.சி. எண்டோமென்ட். வீட்டுக் கடன் 22 லட்சம் பாக்கி. நானும் வேலைக்குப் போகிறேன், மகன் பிளஸ் டூ. "வேலையை விட்டுட்டு ஊருக்கு வந்துடுங்க, பி.எஃப்., எல்.ஐ.சி. எல்லாத்தையும் எடுத்துக் கடனை அடைச்சிடலாம்" என்கிறார் அண்ணன். என்ன செய்யட்டும்?
– வாசகி, செம்பூர், மும்பை

பதில்: அண்ணன் அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் வேலையை விடுவது, பாலிசியை சரண்டர் செய்வது (முதிர்வுக்கு முன்பே முடித்துப் பணம் எடுப்பது), கடனை அடைப்பது மூன்றுமே இப்போது உங்களுக்கு நஷ்டம்.

முதலில் வேலை. ராஜினாமா செய்தால், பெரும்பாலான கம்பெனிகளில் கடைசி வேலை நாளோடு குரூப் மெடிக்ளைம் முடிந்துவிடும். இந்த நோய் தெரிந்த பிறகு வெளியே புது பாலிசி கிடைப்பது ஏறக்குறைய நடக்காது. பி.எஃப்.போடு சேர்ந்த இ.டி.எல்.ஐ. ஆயுள் காப்பீடும் (ஊழியர் இறந்தால் குடும்பத்துக்குக் கிடைப்பது, அதிகபட்சம் 7 லட்சம்) வேலையில் இருப்பவருக்குத்தான். எனவே முதலில் மருத்துவ விடுப்பு, அது தீர்ந்தால் சம்பளமில்லா விடுப்பு. பெயர் ஊழியர் பட்டியலில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். எச்.ஆரிடம் வாய்ப்பேச்சு போதாது. மெயிலில் கேட்டு, பதிலையும் மெயிலிலேயே வாங்குங்கள். குரூப் டேர்ம் (ஆயுள் காப்பீடு), குரூப் கிரிட்டிகல் இல்னஸ் (கடும் நோய் வந்தால் மொத்தத் தொகை தருவது) இருக்கிறதா என்றும் அதே மெயிலில் கேளுங்கள். இருப்பதே தெரியாமல் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒருவேளை வேலையை விட்டே தீரவேண்டிய நிலை வந்தால், கடைசி நாளுக்கு முன்பே அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு மாற விண்ணப்பிக்க வேண்டும். ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் கையில்.

அடுத்து, 5 லட்சத்தை நீட்டிப்பது. பாலிசி எந்தத் தேதியில் புதுப்பிக்கப்படுகிறது என்று பாருங்கள். அன்று 5 லட்சம் மறுபடி முழுதாகும். அப்போது கம்பெனி டாப்-அப் (5 லட்சத்துக்கு மேல் கூடுதல் கவர்) கொடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்கும் பொருந்துமா என்று கேட்டு எடுத்துவிடுங்கள். உங்கள் அலுவலகத்தில் குரூப் பாலிசி இருந்தால், புதுப்பிக்கும்போது கணவரையும் சேருங்கள். ஒரே பில்லுக்கு முதல் பாலிசி கொடுத்தது போக மிச்சத்தை, செட்டில்மென்ட் கடிதத்தோடு இரண்டாவதில் கேட்கலாம்.

கீமோ டே-கேர் சிகிச்சை. 24 மணி நேரம் படுத்திருக்க வேண்டியதில்லை, க்ளைம் உண்டு. கேபசிடபின் போன்ற வாய்வழி கீமோ மாத்திரையும், பெவசிசுமேப் போன்ற ஆன்டிபாடி ஊசியும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. கவராக வேண்டும் என்று 2019ல் சொன்ன நவீன சிகிச்சைகளின் பட்டியலில் உள்ளன. ஆனால் இவற்றுக்குத் தனி உச்சவரம்பு வைத்திருப்பார்கள், பாலிசி ஆவணத்தில் அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள். பெட்-சிடி போன்ற ஸ்கேனைத் தனியாக எடுத்தால் ஓ.பி. செலவு என்று தள்ளிவிடுவார்கள். கீமோ நாளுக்கு முந்தைய 30 நாளுக்குள் (பல பாலிசிகளில் இதுதான் வரம்பு) எடுத்திருந்தால் அந்த க்ளைமோடு சேர்க்கலாம். ரீஇம்பர்ஸ்மென்ட் (நீங்களே கட்டிவிட்டுப் பிறகு திரும்பக் கேட்பது) என்றால் ஒவ்வொரு சைக்கிளுக்கும் (கீமோ சுற்றுக்கும்) தனித்தனிக் கவர் வையுங்கள்: விவரமான பில், டாக்டர் சீட்டு, டே-கேர் சம்மரி. மருத்துவமனை கார்டில் பணம் ஏற்றிய ரசீது முன்பணத்துக்கான ரசீதுதான், அதை பில்லாக ஏற்க மாட்டார்கள். இந்த ஒன்றால் மட்டுமே எத்தனையோ க்ளைம்கள் திரும்பி வருகின்றன.

டாக்டரிடம் அடுத்த 6 மாதச் செலவை எழுதிக் கேளுங்கள். ஃபால்ஃபாக்ஸ் என்ற கீமோ மருந்துக் கூட்டு என்றால் 2 வாரத்துக்கு ஒரு முறை, 6 மாதத்தில் 12 சைக்கிள். எந்த மருந்து பலன் தரும் என்று காட்டும் ஆர்.ஏ.எஸ்., எம்.எஸ்.ஐ. மரபணுப் பரிசோதனைகளில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆர்.ஏ.எஸ். மாற்றம் இருந்தால் செடுக்சிமேப் என்ற ஆன்டிபாடி ஊசி வேலை செய்யாது. பரிசோதிக்காமல் வாங்கினால் லட்சங்கள் வீண். பெவசிசுமேப் தேவைப்பட்டால், இந்தியத் தயாரிப்பான பயோசிமிலர் (அதற்கு இணையான மருந்து) போதுமா என்று கேளுங்கள். கல்லீரலில் உள்ளதை அறுவை செய்து அகற்றும் வாய்ப்பு உண்டா என்றும் கேளுங்கள். அது சிலருக்கு உண்டு, பெரிய செலவும் அதுதான். உங்களிடம் மகாராஷ்டிர ரேஷன் கார்டு (வருமானம் கூடியவர்களுக்கான வெள்ளைக் கார்டாக இருந்தாலும் சரி) இருந்தால், மாநில அரசின் ஜோதிராவ் ஃபுலே மருத்துவத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. ஆனால் முன் அனுமதி வேண்டும். கீமோ ஏற்றும் முன்பே மருத்துவமனையில் இந்தத் திட்டத்துக்கான உதவியாளரை (ஆரோக்கிய மித்ரா) பாருங்கள்.

இனி சொந்தப் பணம். முதலில் எஃப்.டி.; அதை இரண்டு மூன்றாகப் பிரித்துப் போட்டுக்கொண்டால் தேவைக்கு ஏற்ப உடைக்கலாம். அது குறைந்த பிறகு பி.எஃப். முன்பணம். நோய்க்காக எடுப்பதைத் திருப்பிக் கட்ட வேண்டாம். ஆனால் முழுதாகத் துடைத்துவிடாதீர்கள். இ.டி.எல்.ஐ. தொகையில் ஒரு பகுதி, பி.எஃப்.பின் 12 மாத சராசரி இருப்பில் பாதி (உச்சம் 1.75 லட்சம்). சராசரி 3.5 லட்சத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்.ஐ.சி.யை சரண்டர் செய்யவே வேண்டாம். அவசரம் என்றால் சரண்டர் மதிப்பின் மேல் கடன் வாங்கலாம். பிரீமியம் ஒரு தவணைகூடத் தவறக் கூடாது. உங்கள் கணக்கிலிருந்து ஆட்டோ-டெபிட் போடுங்கள். காலாவதியான பாலிசியை உயிர்ப்பிக்க உடல்நல உறுதிமொழி கேட்பார்கள், இந்த நிலையில் அது நடக்காது. வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க ஒரு ரூபாயும் போடாதீர்கள், இ.எம்.ஐ. மட்டும் போதும். கடன் வாங்கியபோது காப்பீடு ஏதும் சேர்த்தார்களா என்று வங்கியில் கேளுங்கள். சிகிச்சைச் செலவுக்கான வருமான வரி விலக்கு (1961 சட்டத்தில் 80டிடிபி பிரிவு, 60 வயதுக்குக் கீழ் 40,000 ரூபாய் வரை) பழைய வரி முறையில் மட்டும்தான்.

இன்னொரு வேலை, அதை இந்த வாரமே முடியுங்கள். கேபசிடபின் நீண்ட நாள் எடுத்தால் விரல் ரேகை மங்கலாம். ஆக்சாலிபிளாட்டின் (ஃபால்ஃபாக்ஸில் உள்ள மருந்து) விரலை மரக்கச் செய்யும், கையெழுத்து மாறும். பிறகு வங்கியில் ஆதார் ரேகை பொருந்தாது, செக் திரும்பும். அதனால் பி.எஃப்.பின் யு.ஏ.என். தளத்தில் இ-நாமினேஷன், ஆதாரோடு மொபைல் எண் இணைப்பு, வங்கிக் கணக்கை 'இருவரில் எவரும்' என்று மாற்றுவது, ஹவுசிங் சொசைட்டி நாமினேஷன், இரண்டு சாட்சிகளோடு உயில் எல்லாம் கீமோவுக்கு முன். பவர் ஆஃப் அட்டர்னி எழுதி வைத்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், எழுதிக் கொடுத்தவர் காலத்துக்குப் பிறகு அது செல்லாது.