வாசகர் கேள்வி - பதில்: பயந்த மீனுக்கு நோய் வருமா?

கேள்வி: கடையில் நன்றாக நீந்திய தங்கமீன்களை வாங்கிவந்து புதுத் தொட்டியில் விட்டால், ஒரு வாரத்துக்குள் உடலில் பஞ்சுபோல் ஏதோ படர்ந்து இறந்துவிடுகின்றன. "பயந்த மீனுக்கு நோய் சீக்கிரம் வரும்" என்கிறார் கடைக்காரர். உண்மையா? (ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: கடைக்காரர் சொல்வது சரிதான். அந்தப் பஞ்சு பெரும்பாலும் சாப்ரோலெக்னியா என்னும் நீர்ப்பூஞ்சையாக இருக்கும். அதன் வித்துகள் நன்னீரில் எங்கும் இருப்பவை. நலமான மீனை அவை எளிதில் பற்றுவதில்லை. வலையில் சிக்கி, பையில் குலுங்கி வரும் மீனின் மூளை உடனே பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, அதன் ஆணைப்படி தலைக்குப் பின்னால் உள்ள 'தலைச் சிறுநீரகம்' கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. மீனுக்கு நம்மைப் போல் இரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜை இல்லை. நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள் பெருமளவில் உருவாவதும் இதே தலைச் சிறுநீரகத்தில்தான். அழுத்த ஹார்மோனும் நோய் எதிர்ப்பு அணுக்களும் ஒரே உறுப்பில் பிறப்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கிறது.

தங்கமீனின் நெருங்கிய உறவான கெண்டையில் செய்த ஆய்வுகளில், எதிர்ப்பொருளை உருவாக்கும் பி அணுக்களைக் கார்ட்டிசால் தாமே மடியச் செய்வதும், காயத்துக்கு முதலில் விரையும் நியூட்ரோஃபில் அணுக்களின் ஆயுளை நீட்டுவதும் தெரியவந்தன. ஆகவே எதிர்ப்பாற்றல் முழுவதும் ஒரேயடியாக அணைந்துவிடுவதில்லை. உடனடிக் காவல் நிலைத்திருக்க, நீண்டகாலக் காவல் தளர்கிறது.

கவலைக்குரியது ஒருமுறை ஏற்படும் அதிர்ச்சியைவிட நீடிக்கும் அழுத்தமே. அமைதியாக வாழும் டிரவுட் மீனின் ஒரு மில்லிலிட்டர் இரத்த நீர்மத்தில் கார்ட்டிசால் 5 நானோகிராமுக்குள் இருக்கும். பிடித்துக் கையாண்டால் 40 முதல் 200 வரை ஏறி, ஓரிரு நாளில் இறங்கிவிடும். நெரிசலில் வாழும் மீனிலோ சுமார் 10 என்ற அளவிலேயே நிற்கும். ஆனால் பிக்கரிங், பாட்டிஞ்சர் ஆகியோர் 1989இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தச் சிறிய உயர்வு நீடித்தாலே பழுப்பு டிரவுட்டின் நிணஅணுக்கள் (பி அணுக்கள் அடங்கிய வெள்ளணு வகை) குறைந்து, பாக்டீரியா, பூஞ்சை நோய்கள் எளிதில் பற்றின.

புதுத் தொட்டியில் கழிவை மாற்றும் நுண்ணுயிர்கள் இன்னும் வளர்ந்திராததால், கண்ணாடிபோல் தெளிந்த நீரிலும் அம்மோனியா சேர்ந்து மீனை ஓயாமல் வாட்டும். எனவே தொட்டியைச் சில வாரங்கள் முன்பே தயார்செய்து, ஓரிரு மீன்களை மட்டும் விடுங்கள். பையைத் திறக்காமல் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, பிறகு தொட்டி நீரைச் சிறிது சிறிதாகக் கலக்கவும். உடலின் வழுவழுப்புப் படலமே மீனின் முதல் அரண் என்பதால், அடிக்கடி வலைபோட்டுப் பிடிக்காதீர்கள்.

கேள்வி: பசிபிக் சால்மன் முட்டையிட்டதும் இறப்பதற்கும் கார்ட்டிசால் ஹார்மோனுக்கும் தொடர்பு உண்டா? (ஒரு மாணவர், திருநெல்வேலி)

பதில்: உண்டு. ஆற்றை எதிர்த்து ஏறி இனப்பெருக்கம் செய்யும் காலத்தில் அவற்றின் கார்ட்டிசால் மிக உயர்ந்து, எதிர்ப்பாற்றல் சரிந்து, பூஞ்சையும் பாக்டீரியாவும் உடலைப் பற்றுகின்றன. இனப்பெருக்கச் சுரப்பிகள் முதிருமுன்பே அவை நீக்கப்பட்ட கொக்கனி சால்மன்களில் சில, வழக்கமான நான்கு ஆண்டுகளைக் கடந்து எட்டு ஆண்டுகள் வரை வாழ்ந்ததை ராபர்ட்சன் என்ற ஆய்வாளர் 1961இல் பதிவுசெய்தார்.