ரம்மிக்குத் தடை, லாட்டரிக்குக் கடையா?

அன்புள்ள ஐயா,

சித்தூர் தாலூகா கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். மத்திய அரசு 2025-இல் கொண்டுவந்த ஆன்லைன் பண விளையாட்டுத் தடையை ஆதரித்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கு ஒப்புதல் இல்லை. எங்கள் கடைவீதியில் திரும்பின பக்கமெல்லாம் லாட்டரிக் கடை. பொள்ளாச்சி, கோயமுத்தூர் ஆட்கள் கோபாலபுரமும் வேலந்தாவளமும் தாண்டி வந்து கட்டுக் கட்டாக டிக்கெட் வாங்கிப் போகிறார்கள். அரசாங்கம் குலுக்கல் நடத்தினால் நியாயம், சீட்டு ஆடத் தெரிந்தவன் போனில் ஆடினால் குற்றமா? ரம்மி திறமை விளையாட்டு என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறதே?

என் அக்கா பையன் பொள்ளாச்சியில் நார் மில்லில் கணக்கு எழுதுகிறான். போன வருஷம் எங்கள் வீட்டில் இருக்கும்போது ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் சில நாள் ரம்மி ஆப் திறக்கும், சில நாள் “உங்கள் மாநிலத்தில் இப்போது அனுமதி இல்லை” என்று வரும். வீடு கேரளாவில்தானே இருக்கிறது? தடைக்குப் பிறகு டெலிகிராமில் வந்த லிங்கில் ஏதோ ஆப் இறக்கினான். 18,000 ரூபாய் ஜெயித்துப் பணமும் வந்தது. பத்து நாளில் வங்கிக் கணக்கையே முடக்கிவிட்டார்கள். கேட்டால் வேறு மாநிலத்துப் போலீஸ் என்கிறார்கள். என்ன செய்யலாம்? கடைசியாக ஒன்று: அவன் இங்கே வாங்கும் கேரளா டிக்கெட்டுக்குப் பரிசு விழுந்தால், பொள்ளாச்சி விலாசத்தில் வாங்க முடியுமா?

ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை

*

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் முடங்கிய கணக்கு. வாதம் பிறகு.

தடைக்கு முன் பெரிய ரம்மி நிறுவனங்கள் பணத்தைத் தங்கள் நிறுவனக் கணக்கில் வாங்கி, அதிலிருந்தே கொடுத்தன. டெலிகிராம் லிங்கில் வரும் ஆப்களுக்கு அப்படி ஒரு கணக்கு கிடையாது. கமிஷனுக்கு ஆசைப்பட்டு யார் யாரோ வாடகைக்கு விட்ட சேமிப்புக் கணக்குகளில்தான் பணம் சுற்றுகிறது. உங்கள் பையனின் யுபிஐ வரலாற்றைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆள் பெயருக்கோ, சம்பந்தமில்லாத ஏதோ கடைப் பெயருக்கோ பணம் போயிருந்தால் விஷயம் அதுதான். அதே கணக்குகளில் வேறு மோசடிப் பணமும் ஓடும். எங்கோ ஒருவர் ஏமாந்து சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்ததும், அந்தப் பணம் போன வழியைக் கணக்கு கணக்காகப் பிடித்துக்கொண்டு வருவார்கள். வழியில் தொட்ட கணக்கெல்லாம் நிற்கும். பையனுக்கு வந்த 18,000 சீட்டாட்டத்தில் ஜெயித்த பணமாக இருக்கலாம். ஆனால் அது இன்னொருவர் வயிற்றில் அடித்துப் பிடுங்கிய நோட்டாக வந்திருக்கிறது. இந்த ஆப்களில் தோற்றால் பணம் போகும், ஜெயித்தால் கணக்கு போகும்.

கிளைக்குப் போய் எழுத்தில் நான்கு விவரம் கேட்கச் சொல்லுங்கள். எந்த மாவட்டக் காவல் பிரிவு, புகாரின் ஒப்புகை எண் என்ன, எவ்வளவு தொகை சர்ச்சையில் இருக்கிறது, முழுக் கணக்கும் முடக்கமா அல்லது அந்தத் தொகைக்கு மட்டும் பிடிப்பா. கடைசிக் கேள்விதான் முக்கியம். 18,000-ஐ மட்டும் நிறுத்தி வைத்துவிட்டுச் சம்பளப் பணத்தை எடுக்க விடும்படி வங்கிக்கும் விசாரணை அதிகாரிக்கும் மனு கொடுக்கலாம். கணக்கு அறிக்கை, ஆப்பில் பணம் எடுத்ததற்கான திரைப்பிடிப்பு, சம்பளச் சான்று ஆகியவற்றைச் சேர்த்து அனுப்பட்டும். பழைய போன் விற்ற காசு என்று கதை கட்ட வேண்டாம். யுபிஐ வரலாறு இரண்டு நிமிடத்தில் காட்டிக்கொடுத்துவிடும். அனுப்பியவன் கணக்குக்கே திருப்பி அனுப்புகிறேன் என்றும் கிளம்ப வேண்டாம், அவன் பாதிக்கப்பட்டவன் அல்ல. பத்தாயிரம் கொடு, முடக்கத்தை எடுத்துத் தருகிறேன் என்று வருகிறவன் அடுத்த மோசடிக்காரன்.

எதையும் எழுதிக் கொடுப்பதற்கு முன் ஒரு வக்கீலைப் பார்ப்பது நல்லது. 2025-இன் மத்தியச் சட்டத்தில் ஆடுபவனுக்குத் தண்டனை இல்லை. நடத்துபவனுக்கு 3 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம், விளம்பரம் செய்பவனுக்கு 2 ஆண்டு, 50 லட்சம். ஆனால் பையன் பொள்ளாச்சியில் உட்கார்ந்து ஆடுகிறான். தமிழ்நாட்டின் 2022 சட்டம் ஆன்லைன் சூதாட்டம் ஆடுபவனுக்கும் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 வரை அபராதம் வைத்திருக்கிறது.

அடுத்து போன். ஆப்பை அழித்தால் மட்டும் போதாது, அழிப்பதற்கு முன் அது என்னென்ன அனுமதி வாங்கியிருக்கிறது என்று பாருங்கள். செட்டிங்ஸில் அணுகல்தன்மை (Accessibility) பகுதியில் அதன் பெயர் இருந்தால் அணைக்க வேண்டும். திரையில் தெரிவதைப் படிக்கவும் தானாக விரல் வைக்கவும் அந்த ஒரு அனுமதியே போதும். எஸ்எம்எஸ் அனுமதி இருந்தால் ஓடிபி படித்திருக்கும். தொடர்புகள், படங்கள் என்று வாங்கியிருந்தால், நாளைக்குக் கடன் கேட்டு மிரட்டுகிறவன் கையில் உங்கள் நம்பரும் இருக்கிறது என்று அர்த்தம். அழிக்க விடாமல் அடம் பிடித்தால் அது சாதன நிர்வாகியாக (Device admin) தன்னைப் பதிந்திருக்கும். அதை எடுத்துவிட்டு அழியுங்கள். எந்த ஆப் வழியாக அந்த ஏபிகே, அதாவது ஆப்பை நிறுவும் கோப்பு, இறங்கியதோ, பெரும்பாலும் டெலிகிராமோ குரோமோ, அதற்குக் கொடுத்த “அறியாத ஆப்களை நிறுவு” அனுமதியையும் மூடுங்கள். பிறகு யுபிஐ ஆப்பில், தானாகப் பணம் பிடிக்க ஒப்புதல் கொடுக்கும் ஆட்டோபே பகுதிக்குப் போய், தெரியாத பெயரில் இருக்கும் ஒப்புதல்களை ரத்து செய்யுங்கள். யுபிஐ பின்னையும் வங்கிக் கடவுச்சொல்லையும் வேறொரு போனிலிருந்து மாற்றுவதே பத்திரம். கடன் விவரமும் பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. ரிசர்வ் வங்கியில் பதிவான நிறுவனத்திடம் ஆப் வழியாகக் கடன் வாங்கியிருந்தால் பெரும்பாலும் அதில் தெரிந்துவிடும். பையன் வாயால் சொல்லும் தொகையை நம்பிக் குடும்பம் நகையை அடகு வைக்கக் கிளம்புவதுதான் இந்த விஷயத்தில் வழக்கமாக நடக்கும் அசட்டுத்தனம். முதலில் ஆறு மாத அறிக்கையைக் கூட்டிப் பாருங்கள்.

வீடு கேரளாவில், போன் தமிழ்நாட்டில் என்ற கேள்வி சுவையானது. தமிழ்நாடு 2025 பிப்ரவரியில் கொண்டுவந்த விதிப்படி, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் வைத்து ஆட விடக்கூடாது. ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமும் அது சரி என்றது. ஆப் என்ன செய்யும்? போனிடம் இடம் கேட்கும். போன் செயற்கைக்கோள், சுற்றியுள்ள வைஃபை, டவர் மூன்றையும் கலந்து ஒரு புள்ளியும் அதைச் சுற்றி ஒரு பிழை வட்டமும் கொடுக்கும். வாசலில் நின்றால் செயற்கைக்கோள் தெரியும், வட்டம் சில மீட்டர். காங்கிரீட் கூரைக்குக் கீழே உள்ளறையில் அது மங்கிவிட்டால் டவரை நம்ப வேண்டும், வட்டம் கிலோமீட்டர் கணக்கில் விரியும். பிடித்த டவர் எல்லைக்குக் கிழக்கே இருந்தால் புள்ளி தமிழ்நாட்டில் விழுந்துவிடும். இடம் பார்க்கும் அனுமதி கொடுக்காவிட்டால் ஐபி முகவரிதான் கணக்கு. அது உங்கள் ஊரைக் காட்டாது, உங்கள் இணையம் எந்த நகரத்து வாசல் வழியாக வெளியே போகிறதோ அந்த நகரத்தைக் காட்டும். அதனால்தான் வாசலில் கேரளா, கட்டிலில் தமிழ்நாடு. மாநில வாரியாகப் போனைத் தடுப்பது எல்லை ஊர்களில் இந்த லட்சணத்தில்தான் நடக்கும் என்பதே, நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் வேண்டும் என்று நான் சொன்னதற்கு ஒரு காரணம்.

இப்போது திறமை. 1967-இல் ஆந்திர வழக்கொன்றில் ரம்மி பெருமளவு திறமை சார்ந்தது என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது உண்மை. அதைப் பிடித்துத்தான் 2021 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் அந்த மாநிலத்தின் தடை அறிவிப்பை ரத்து செய்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றமும் தமிழ்நாட்டின் 2022 சட்டத்தில் இருந்த அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலிலிருந்து ரம்மியை எடுத்தது. 2020-இலேயே தடை போட்ட ஆந்திரா தனி வழி. எனக்கும் ரம்மி திறமை விளையாட்டு என்பதில் சந்தேகம் இல்லை. பையனின் சட்டைப்பைக்கு அது பதில் ஆகாது, அவ்வளவுதான்.

கணக்குப் போடுவோம். இருவர் ஆளுக்கு 100 வைக்கிறார்கள். நடத்துபவன் பத்து சதவீதம் எடுக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஜெயிப்பவனுக்கு 180. இருவரும் சம திறமை என்றால் ஆளுக்கு ஆட்டத்துக்கு 10 ரூபாய் சராசரி நஷ்டம். நான்கு நிமிடத்தில் ஓர் ஆட்டம் முடிந்தால் மணிக்கு 15 ஆட்டம், 150 ரூபாய். ஆயிரம் ரூபாய் ஏழு மணி நேரத்துக்குள் காலி, யாரும் யாரையும் ஏமாற்றாமலே. நஷ்டமில்லாமல் எழுந்திருக்கவே நூற்றுக்கு 56 ஆட்டம் ஜெயிக்க வேண்டும். அப்படி ஜெயிக்கக்கூடியவர்கள் உண்டு. அவர்கள் ஜெயிப்பது உங்கள் பையனைப் போன்றவர்களிடம். இதற்கு மேல் 2023 அக்டோபரிலிருந்து போட்ட பணத்துக்கு 28% ஜிஎஸ்டி இருந்தது; வரி உள்ளடக்கம் என்றால் 100-இல் 78 ரூபாய்தான் மேசைக்குப் போகும். நிகர வெற்றியில் 30% வரிப் பிடித்தம் தனி. தெரு முனைத் திண்ணையில் ஆடும் சீட்டில் இந்தக் கமிஷன்காரன் இல்லை, மணிக்குப் பதினைந்து ஆட்டமும் இல்லை. நீதிமன்றங்கள் திறமையா அதிர்ஷ்டமா என்று அறுபது ஆண்டு பேசின. எவ்வளவு வேகமாக, யாருக்குக் கமிஷன் என்று கேட்டிருந்தால் கேள்வி சீக்கிரம் தீர்ந்திருக்கும். 2025 சட்டம் திறமை அதிர்ஷ்டம் என்ற பிரிவையே விட்டுவிட்டு, பணம் கட்டிப் பணம் எதிர்பார்ப்பதா என்று மட்டும் கேட்கிறது. அதனால்தான் ஆதரித்தேன்.

லாட்டரியில் நீங்கள் சொல்வது பாதி சரி. சதவீதம் மட்டும் பார்த்தால் லாட்டரி ரம்மியை விட மோசம். 50 ரூபாய் டிக்கெட்டில் 40% ஜிஎஸ்டி உள்ளடக்கம் என்றால் 14 ரூபாய் 29 காசு வரியாகவே போகிறது. ஏஜென்ட் கமிஷன், அரசின் லாபம் எல்லாம் போய்ப் பாதி பரிசாகத் திரும்பினாலே பெரிது. ஆனால் கேரளா லாட்டரி மதியம் மூன்று மணிக்கு ஒரு தடவைதான் குலுக்கும். தோற்ற அடுத்த நிமிடம் விட்டதைப் பிடிக்க முடியாது. தினம் ஒரு டிக்கெட் எடுப்பவனுக்குச் சராசரியாக 25 ரூபாய் நஷ்டம். பத்து டிக்கெட் எடுப்பவர்களும் உண்டு, அவர்கள் குடும்பத்துக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். சட்டத்திலும் இரண்டும் வேறு பெட்டி: அரசு நடத்தும் லாட்டரி அரசியலமைப்பின் மத்தியப் பட்டியலில் 40-ஆவது இனம், பந்தயமும் சூதாட்டமும் மாநிலப் பட்டியலில் 34. வெளிமாநில லாட்டரி விற்பனையைத் தன் எல்லைக்குள் தடுக்கும் அதிகாரத்தை 1998 சட்டம் மாநிலத்துக்குக் கொடுக்கிறது; தமிழ்நாடு 2003-இல் எல்லா லாட்டரியையும் மூடியது. கேரளா 1967-இல் துறை தொடங்கி இன்றும் நடத்துகிறது. கள்ளுக்கும் உங்கள் தாலூகாவில் இதே கதைதானே.

நீங்கள் எழுதாத ஒன்று எனக்கு இதைவிடக் கவலை. மூணு நம்பர். கேரளா முடிவின் கடைசி மூன்று எண்ணை வைத்து வாட்ஸப்பில் எழுதும் கள்ள லாட்டரி. அறுபது ரூபாய்க்கு 25,000 தருகிறான் என்று வையுங்கள். ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு, ஆகவே நியாய விலை 60,000. நூற்றுக்கு 42 கூடத் திரும்பவில்லை. டிக்கெட் இல்லை, வரி இல்லை, கடனுக்கும் எழுதுவான். வார வட்டிக்காரனும் எழுதுகிறவனும் ஒரே ஆளாகவும் இருப்பான். அரசு லாட்டரியின் முடிவு வெளியாவதால்தான் இது நடக்கிறது என்பது உங்கள் வாதத்துக்கு வலு சேர்க்கும், எடுத்துக்கொள்ளுங்கள்.

பரிசு வாங்குவது பற்றி. கேரளாவுக்குள் வாங்கிய டிக்கெட் என்றால் எந்த மாநிலத்துக்காரரும் பரிசு கேட்கலாம். 2023 ஓணம் பம்பரின் 25 கோடி, வாளையாறில் விற்ற டிக்கெட்டுக்குத் தமிழ்நாட்டு நண்பர்கள் நால்வருக்குப் போனது. வாங்கியவுடன் பின்பக்கம் பெயர், விலாசம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கூட்டாக வாங்கினால் யார் பெயரில் என்பதை அன்றே முடிவு செய்வது உத்தமம். 5,000 வரை லாட்டரிக் கடையிலேயே கிடைக்கும். அதற்கு மேல் என்றால் 30 நாளுக்குள் லாட்டரி அலுவலகத்திலோ வங்கி மூலமோ ஒப்படைக்க வேண்டும். ஆதார், பான் வேண்டும், வெளிமாநிலத்தவரின் ஆவணங்களில் நோட்டரி கையெழுத்தும் முத்திரையும் கேட்பார்கள், எங்கே எப்படி வாங்கினீர்கள் என்றும் கேட்பார்கள். பொள்ளாச்சியில் யாரோ கொண்டுவந்து விற்ற டிக்கெட் என்றால் அந்த இடத்தில் சிக்கல். கேரளா லாட்டரி காகிதத்தில் மட்டும்தான் விற்கிறது. ஆன்லைனில் கேரளா டிக்கெட் என்று பையனுக்கு அடுத்து ஒரு லிங்க் வரும், அதைத் திறக்க வேண்டாம் என்று இப்போதே சொல்லி வையுங்கள். ஆடாமல் இருக்க முடியவில்லை என்று அவனே சொன்னால் 14416 என்ற டெலிமனஸ் மனநல உதவி எண் இருக்கிறது. தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம், காசு கிடையாது.