தீபாவளிக்குள்ள புது சிஸ்டம் ஓடணுமாம்!

கேள்வி: அண்ணே வணக்கம். எங்களுக்கு மளிகை மொத்த வியாபாரம், அப்பா ஆரம்பிச்சது. ஸ்டோர் பிறையில, கடை ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவுல ஒண்ணு, சுங்கைப்பட்டாணியில ஒண்ணு. கணக்குக்கு ஒரு சாஃப்ட்வேர், ஸ்டோர்ல எக்ஸல், சேல்ஸ்மேனுங்க ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்ல. இப்ப இ-இன்வாய்ஸ் வேற, பில்லை ஆன்லைன்ல வரித்துறைக்கு அனுப்பி சரிபார்த்து வாங்கணும். எல்லாத்தையும் ஒரே ஈஆர்பிக்குள்ள (கணக்கு, ஸ்டாக், ஆர்டர் எல்லாம் ஒண்ணா ஓடுற சாஃப்ட்வேர்) கொண்டு வரலாம்னு பார்க்குறோம், மூணு கம்பெனி டெமோ காட்டிட்டுப் போயிட்டாங்க, தீபாவளிக்கு முன்னாடி ஓடணும்ங்கிறார் அப்பா. எதை வாங்கலாம்?
– வாசகர், பிறை

பதில்: எதை வாங்குறதுங்கிறதைக் கொஞ்சம் தள்ளி வைங்க தம்பி. டெமோவுல எல்லாமே ஜோராத்தான் ஓடும், பத்து இருபது ஐட்டத்தை வச்சு அவங்களே போட்டுக் காட்டுற பில்லுதானே அது.

மொதல்ல ஒரு ஆர்டரைப் புடிச்சுக்கிட்டு அது பின்னாடியே போங்க. வாட்ஸ்அப்ல வந்ததும் யாரு எழுதுறா, யாரு விலை போடுறா, கடன் லிமிட் தாண்டுன கடைக்கு யாரு சரின்னு தலையாட்டுறா, லோரி பாதி சரக்கை மட்டும் எறக்கிட்டு வந்தா என்ன ஆகுது, காசு வசூலாகி கணக்குல ஏறுற வரைக்கும் ஒரு நோட்டுல எழுதிக்கிட்டே வாங்க. அப்பாகிட்ட கேட்டு எழுதாதீங்க, அவர் எப்படி நடக்கணும்னுதான் சொல்வார், ஸ்டோர் கிராணியும் லோரி டிரைவரும் சொல்றதை எழுதுங்க. ஒழுங்கா போய்ச் சேர்ற ஆர்டர் நமக்கு வேணாம், சொதப்புன ஆர்டர்தான் வேணும். அரிசி ஈரமா இருக்குன்னு மூட்டை திரும்பி வருதுன்னு வைங்க, வரித்துறை இ-இன்வாய்ஸை சரிபார்த்து ஏத்துக்கிட்ட 72 மணி நேரத்துக்குள்ளதான் அதை கேன்சல் பண்ண முடியும், தாண்டிட்டா கிரெடிட் நோட்தான், அதாவது பில் தொகையைக் குறைச்சுப் போடுற தனிச் சீட்டு. அலோர்ஸ்டார் பக்கம் உங்க லோரி வாரத்துக்கு ஒரு தடவைதான் போகுதுன்னா அங்கிருந்து திரும்புற சரக்கெல்லாம் அந்த நேரம் தாண்டித்தான் வரும், அப்ப கிரெடிட் நோட் போட யாருக்கு அதிகாரம்? இதை நீங்கதான் முடிவு பண்ணணும், எந்த சாஃப்ட்வேரும் பண்ணாது.

அடுத்தது ஐட்டம் லிஸ்ட். சலிப்பான வேலை, ஆனா நிறைய பேர் கவுந்து விழறது இங்கதான். பழைய கணக்குல "துவரம் பருப்பு", எக்ஸல்ல "டால் 10 கேஜி", சேல்ஸ்மேன் எழுதுறப்ப வெறும் "பருப்பு", மூணும் ஒரே சரக்கு. ஸ்டோர் மூட்டையில எண்ணுது, கடை கிலோவுல விக்குது. இதை அப்படியே புது சிஸ்டத்துல கொட்டுனா மொத நாளே ஸ்டாக் தப்பாத்தான் காட்டும், அப்புறம் ஒருத்தனும் அதை நம்பமாட்டான், பழைய எக்ஸலைத்தான் திறப்பான். வாடிக்கையாளர் லிஸ்டும் அதே கதைதான், ஒவ்வொரு கடைக்கும் வரி எண்ணும் பதிவு எண்ணும் வேணும். இ-இன்வாய்ஸுக்குப் பழக அரசாங்கம் குடுத்த சலுகைக் காலம் முடிஞ்சவங்க 2026 ஜனவரியில இருந்து பத்தாயிரம் வெள்ளிக்கு மேல போற பில்லை மாசக் கடைசியில ஒண்ணா சேர்த்து அனுப்ப முடியாது, தனித்தனியாத்தான் போடணும். மொத்த வியாபாரத்துல அப்படிப்பட்ட பில்லு எத்தனை வரும்னு உங்களுக்கே தெரியும், அதனால அந்த எண்ணுங்களை இப்பவே கேட்டு வாங்க ஆரம்பிங்க.

இதுக்கெல்லாம் உங்க ஆளு ஒருத்தர் பொறுப்பா இருக்கணும். கம்ப்யூட்டர் தெரிஞ்ச மச்சான் மகன் வேணாம் (எல்லா குடும்பத்துலயும் ஒருத்தன் இருப்பான்), ஸ்டோரும் கணக்கும் ரெண்டும் தெரிஞ்சவர், மூணு இடத்துலயும் பேச்சு எடுபடுறவர். அவர் பார்த்துக்கிட்டு இருக்கிற வேலையில பாதியை வேற ஆளுக்கு மாத்திக் குடுங்க, இல்லன்னா ராத்திரி பத்து மணிக்குத்தான் இதைத் தொடுவார்.

தேதிக்கு வர்றேன். அமெரிக்காவுல ஹெர்ஷி சாக்லேட் கம்பெனி 1999ல எஸ்ஏபிங்கிற ஈஆர்பியோட இன்னும் ரெண்டு சாஃப்ட்வேரையும் சேர்த்து ஒரே நேரத்துல மாத்துனாங்க, ஜூலையில ஓட்ட ஆரம்பிச்சாங்க, ஹாலோவீன் ஆர்டர் குவியுற நேரம் அது. கிடங்குல மிட்டாய் இருந்தும் சுமார் 100 மில்லியன் டாலர் ஆர்டரை நேரத்துக்கு அனுப்ப முடியல. அவ்ளோ பெரிய கம்பெனிக்கே அந்தக் கதி. அப்பாகிட்ட சொல்லுங்க, தீபாவளி வியாபாரம் பழைய முறையிலயே ஓடட்டும், அது முடிஞ்சு ஸ்டாக் குறைஞ்சு கிடக்கிற நேரத்துல, எண்ணவும் சுலபம், சுங்கைப்பட்டாணி கடையில மட்டும் மொதல்ல போடுங்க, ஒரு மாசக் கணக்கு முடிச்சுப் பாருங்க, பிறகுதான் ஸ்டோர்.

இவ்ளோ ஆனதும் அந்த மூணு கம்பெனியையும் திரும்பக் கூப்பிட்டு, போன வாரத்து உங்க பில்லுங்களை, திரும்பி வந்த மூட்டையையும் சேர்த்து, அவங்க கையில குடுத்து இதைப் போட்டுக் காட்டுங்கன்னு கேளுங்க. நாளைக்கு நாங்க விலகிட்டா எங்க டேட்டாவை எந்த ஃபார்மட்ல தருவீங்கன்னும் எழுத்துல வாங்கிக்குங்க.

கேள்வி: ஈஆர்பி போடுறப்ப சர்வரை ஆபீஸ்லயே வைக்கிறதா, கிளவுடா (இன்டர்நெட் வழியா வேற கம்பெனி சர்வர்ல ஓட்டுறது)?
– வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: சர்வரைப் பார்த்துக்க தனியா ஆள் இல்லன்னா கிளவுட்தாம்மா. ஆனா இன்டர்நெட் லைன் போனா பில் போட முடியாது, அதனால வேற கம்பெனி லைன் ஒண்ணு கூடுதலா எடுத்து வைங்க. எங்க வச்சாலும் பேக்கப் எடுக்குறோம்னு சொன்னா மட்டும் நம்பாதீங்க, ஒரு நாள் அதுல இருந்து திரும்ப ஏத்திக் காட்டச் சொல்லிப் பாருங்க.