பாட்டி சொன்ன கரை

அன்புள்ள ஐயா,

பழைய டோப்போ ஷீட்டுகளை (மேடு பள்ளம், ஆறு, ஊர் எல்லாம் காட்டும் நில அளவைத் தாள்களை)ப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு, நானும் என் பாட்டியின் ஊரைத் தேடத் தொடங்கினேன். பாட்டி 1922-ல் பிறந்தவர். அந்தச் சிற்றூர் இன்றைய வரைபடம் எதிலும் இல்லை. 1931 என்று போட்ட, ஒரு இஞ்ச்சுக்கு ஒரு மைல் அளவிலான பழைய தாள் ஒன்று இணையத்தில் கிடைத்தது. அதில் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

ஆனால் ஒரு குழப்பம். "எங்க வீடு வடகரையில, பள்ளிக்கூடம் தென்கரையில, தோணியிலதான் போவோம்" என்று பாட்டி நூறு முறையாவது சொல்லியிருப்பார். வரைபடத்தில் அவர் ஊரும் தென்கரையில், பள்ளிக்கூடம் இருந்த பெரிய ஊரும் தென்கரையில். நடுவில் ஆறே இல்லை. பாட்டிக்குக் கடைசிக் காலத்தில் நினைவு பிசகியிருக்கும் என்கிறார் அம்மா. பழைய பத்திரத்திலும் தென்பக்கத்து வட்டத்தின் (தாலுகாவின்) பெயர்தான் இருக்கிறது, அரசாங்க வரைபடம் பொய் சொல்லாது என்கிறார் மாமா. தாளைக் கூகுள் எர்த்தின் மேல் வைத்துப் பார்த்தால், ஊர்ப் புள்ளி இன்றைய ஆற்றின் நடுவில் விழுகிறது! யாரை நம்புவது? வீடு இருந்த இடத்தைக் கண்டுபிடிக்க வழி உண்டா? பழைய தாள், இன்றைய வரைபடம் இரண்டின் படங்களையும் இணைத்திருக்கிறேன்.

(பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள வாசகிக்கு,

படங்களை நேற்று முழுக்கத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டி சொன்னதும் சரி, வரைபடமும் சரி என்றே நினைக்கிறேன். மாமாவின் பத்திரமும் சரி.

தாளின் கீழ் ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். 1931 என்பது அச்சடித்த ஆண்டு. அதற்கு மேலே பொடி எழுத்தில், அளவை எடுத்தது 1913-14 என்று இருக்கிறது. அதாவது அளவையாளர் சங்கிலியோடு உங்கள் ஊருக்கு வந்தபோது பாட்டி பிறக்கவே இல்லை. நீங்கள் பாட்டியின் ஒன்பதாவது வயதுக்கான வரைபடம் என்று நினைத்துப் பார்ப்பது, அவர் பிறப்பதற்கு எட்டு ஆண்டு முந்தைய நிலம்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நானும் விழுந்த குழிதான். பல வருடங்களுக்கு முன்பு ஒரு சந்தையைப் பற்றிக் கட்டுரை எழுதினேன். தாளில் ரயில் பாதை இருக்கிறது, சந்தை இல்லை. ஆகவே ரயில் வந்த பிறகுதான் சந்தை வந்தது என்று பெரிய கண்டுபிடிப்பாக எழுதிவிட்டேன். அப்புறம்தான் ஓரக் குறிப்பைப் படித்தேன். பழைய அளவையின் மேல் ரயிலையும் சாலையையும் மட்டும் புதிதாகச் சேர்த்து மறுபதிப்பு போட்டிருக்கிறார்கள். ஊர்கள் எல்லாம் முப்பது வருடப் பழசு. ஒரே தாளில் இரண்டு காலம். திருத்தம் வெளியிட்டேன், ஆனால் கட்டுரையைப் படித்தவர்களில் பாதிப் பேர் திருத்தத்தைப் படித்திருக்க மாட்டார்கள்.

இந்த விஷயத்தில் அமெரிக்க நில அளவைத் துறை கொஞ்சம் நேர்மையாக நடந்துகொண்டது. வானிலிருந்து எடுத்த படங்களைப் பார்த்து, நேரில் போய்ச் சரிபார்க்காமல் சேர்த்தவற்றை ஊதா நிறத்தில் அச்சடித்தார்கள். ஊதாவைப் பார்த்தால் பிந்தைய சேர்ப்பு என்று தெரிந்துவிடும். மற்ற நாட்டுத் தாள்களில் பெரும்பாலும் ஓரக் குறிப்புதான் கதி.

சரி, ஆற்றுக்கு வருவோம். பழைய தாளில் கிழக்கு நோக்கி வரும் ஆறு, உங்கள் ஊருக்கு அருகே வடக்கே எழும்பி ஒரு பெரிய வளைவு போட்டு மறுபடி இறங்குகிறது. ஊர் அந்த வளைவின் வயிற்றுக்குள் இருக்கிறது. மூன்று பக்கம் தண்ணீர், தெற்கே மட்டும் நிலத்தொடர்பு. அதனால்தான் அது தென்கரை. இப்போது இன்றைய வரைபடத்தைப் பாருங்கள். ஆறு அந்த இடத்தில் ஏறக்குறைய நேராகப் போகிறது. ஆனால் இரண்டு வட்டங்களைப் பிரிக்கும் எல்லைக்கோடு நேராகப் போகவில்லை. இத்தனை தூரம் ஆற்றோடு ஒட்டி வந்த கோடு, அங்கே மட்டும் ஆற்றை விட்டு வடக்கே போய், வில் மாதிரி வளைந்து, திரும்பி வந்து ஆற்றோடு சேர்கிறது. எந்த அதிகாரியும் வெறும் வயல் நடுவே காரணமில்லாமல் அப்படி ஒரு வளைவை வரைய மாட்டார். அது பழைய ஆற்றின் தடம்.

சமவெளியில் ஓடும் ஆறுகள் இப்படிச் செய்யும். வளைவின் வெளிக்கரை அரிக்கும், உட்கரையில் மணல் சேரும், வளைவின் கழுத்து வருடா வருடம் குறுகும். ஒரு பெருவெள்ளத்தில் கழுத்தை அறுத்துக்கொண்டு ஆறு நேரே போய்விடும். வளைவுக்குள் இருந்த ஊர் ஓரடி நகராமலே அடுத்த கரைக்குப் போய்விடும். ஆறு நகர்ந்தாலும் எல்லைக்கோடு பழைய இடத்திலேயே நின்றுவிடுவதும் உண்டு. அமெரிக்காவில் கஸ்காஸ்கியா என்றொரு ஊர். 1818 முதல் 1820 வரை இல்லினாய் மாநிலத்தின் முதல் தலைநகராக இருந்தது. 1881-ல் மிசிசிப்பி ஆறு தடம் மாறி அதற்குக் கிழக்கே ஓடத் தொடங்கியது. ஊர் ஆற்றின் மேற்குப் பக்கம், மிசௌரி மாநிலத்தோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் சட்டப்படி இன்றுவரை அது இல்லினாய்தான்.

உங்கள் பாட்டியின் ஊரும் ஒரு சின்ன கஸ்காஸ்கியா என்பது என் ஊகம். 1914-க்கும் பாட்டி பள்ளிக்குப் போகத் தொடங்கிய 1920-களின் கடைசிக்கும் இடையில் ஆறு கழுத்தை அறுத்திருக்க வேண்டும். ஊர் வடகரைக்கு வந்தது, பள்ளிக்கூடம் தெற்கிலேயே இருந்தது, தோணி தேவைப்பட்டது. பத்திரத்தில் தென்பக்கத்து வட்டத்தின் பெயர் இருப்பது அதனால்தான். மாமா காட்டும் சான்று பாட்டியை மறுக்கவில்லை, பாட்டி பக்கம்தான் நிற்கிறது. அவரிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

புள்ளி ஆற்று நடுவில் விழுவது தனிச் சிக்கல். பூமி சரியான உருண்டை இல்லை, அதன் வடிவத்தை ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு விதமாகக் கணக்கிட்டார்கள். பழைய இந்தியத் தாள்கள் எவரெஸ்ட் 1830-ல் கணித்த வடிவத்தின் மேல் வரைந்தவை (மலைக்குப் பெயர் வந்த அதே ஜார்ஜ் எவரெஸ்ட்). உங்கள் போனில் இருப்பது வேறு கணக்கு. தாளின் மூலையில் உள்ள அட்சரேகை, தீர்க்கரேகையை அப்படியே போட்டுப் பொருத்தினால் நூறு மீட்டருக்கு மேலும் விலகும். பழைய பிரெஞ்சுத் தாள்களில் கூத்து இன்னும் பெரிது, அங்கே தீர்க்கரேகையைப் பாரிஸிலிருந்து எண்ணியிருப்பார்கள்.

ஆகவே மூலை எண்களை விட்டுவிடுங்கள். நகராத பொருள்களாக நான்கைந்து பிடியுங்கள். குன்றின் உச்சியில் நடுவே புள்ளி வைத்த சிறு முக்கோணம் இருக்கும், அது முக்கோண அளவை நிலையம், அதாவது அளவையாளர்கள் கோணம் அளக்கக் குறித்து வைத்த இடம். நம்பலாம். பழைய கற்கோயில், தேவாலயம், ரயில் பாலத்தின் இரு முனைகள் இவையும் நல்லவை. சாலைச் சந்திப்பு பரவாயில்லை. ஆற்றங்கரையை மட்டும் தொடவே தொடாதீர்கள், உங்கள் விஷயத்தில் அதுதானே பிரச்சினை! க்யூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் இந்தப் புள்ளிகளைக் கொடுத்தால் தாளை இழுத்துப் பொருத்திக் கொடுத்துவிடும். பொருத்திய பிறகு ஊர்ப் புள்ளி ஆற்றுக்கு வடக்கே கரையேறிவிடும் என்று எதிர்பார்க்கிறேன். இன்னொன்று: பெயர் எழுதிய இடம் ஊர் இருக்கும் இடம் இல்லை. பெயரைக் காலியாக இருக்கும் பக்கம் எழுதுவார்கள். வீடுகளைக் குறிக்கும் சிறு கட்டங்கள்தான் ஊர்.

வீட்டைக் கேட்டிருந்தீர்கள். இந்தத் தாளில் கிடைக்காது. ஒரு இஞ்ச்சுக்கு ஒரு மைல் என்றால் 63,360-ல் ஒரு பங்கு. முப்பதடி அகல வீடு தாளில் ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்குதான் வரும், எந்தப் பேனாவாலும் வரைய முடியாது. நாலைந்து வீட்டைச் சேர்த்து ஒரு கட்டமாகப் போட்டிருப்பார்கள். பிரிட்டனில் மைலுக்கு ஆறு இஞ்ச், இருபத்தைந்து இஞ்ச் அளவுத் தாள்கள் உண்டு, அவற்றில் தனித்தனி வீடே தெரியும். ஆனால் எந்த டோப்போ ஷீட்டும் வீடு யாருடையது என்று சொல்லாது. அதற்குப் பத்திரத்தின் நான்கெல்லையையும் புல எண் (சர்வே நம்பர்) போட்ட கிராம வரைபடத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நான்கெல்லையில் "வடக்கே ஆறு" என்று இருக்கிறதா, "தெற்கே ஆறு" என்று இருக்கிறதா, பத்திரம் எந்த வருடத்தது என்று பாருங்கள். ஆறு மாறிய காலத்தையே அது சொல்லிவிடக்கூடும்.

வீடு கிடைக்காவிட்டாலும் இந்தத் தாளில் பாட்டியின் உலகம் நிறைய இருக்கிறது. எனக்குப் பிடித்தது நடந்து பார்ப்பது, தாளின் மேல்தான். 1892-ல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்கு சொன்னார்: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அப்புறம் ஏறும் ஒவ்வொரு இரண்டாயிரம் அடிக்கும் ஒரு மணி நேரம் கூடுதல். ஒரே உயரத்து இடங்களை இணைக்கும் பழுப்பு நிறச் சமஉயரக் கோடுகளை எண்ணி, நூலை வைத்துப் பாதையை அளந்தால் போதும். ஆறு மைல் நடந்து ஆயிரம் அடி ஏறினால் இரண்டரை மணி நேரம். "அரை நாள் நடந்து போனோம்" என்று குடும்பத்தில் சொல்வது உண்மையா, பேச்சு வளமா என்று தெரிந்துவிடும். என் அனுபவத்தில் பெரும்பாலும் உண்மைதான்.

அதே தாளில் உங்கள் குடும்பத்துக்குப் பெண் எடுத்த, கொடுத்த ஊர்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். நான் ஒருமுறை இப்படி வட்டமிட்டபோது ஒரு பக்கத்தில் பன்னிரண்டு மைல் வரை சம்பந்தம் போயிருந்தது, மறுபக்கத்தில் மூன்று மைலில் இருந்த ஊரோடு ஒன்றுமே இல்லை. ஏதோ பழைய பகை என்று நினைத்தேன். கோடுகளைப் பார்த்தால் நடுவே செங்குத்தான மேடு, கணவாய் கிடையாது. பகையெல்லாம் ஒன்றுமில்லை, ஏற முடியவில்லை, அவ்வளவுதான். உங்களுக்கு ஆறு தடம் மாறுவதற்கு முன்னும் பின்னும் சம்பந்தங்கள் எந்தக் கரைக்குப் போயின என்று பார்க்கலாம்.

பெயர்களைத் தேடும்போது எழுத்தை நம்பாதீர்கள், காதை நம்புங்கள். தரங்கம்பாடியை டிராங்குபார் என்று எழுதியவர்கள் உங்கள் சிற்றூரின் ழகரத்தை விட்டுவைத்திருப்பார்களா? அயர்லாந்தில் 1830-களில் அளவை நடந்தபோது ஜான் ஓடோனவன் என்ற அறிஞரை அமர்த்தி, ஒவ்வொரு பெயருக்கும் வழங்கிய எழுத்துக்கூட்டல்களைக் குறித்து வைத்தார்கள். அந்த அதிர்ஷ்டம் எல்லா ஊருக்கும் வாய்க்கவில்லை.

மாமாவின் "அரசாங்க வரைபடம் பொய் சொல்லாது" பற்றி ஒரு வார்த்தை. சோவியத் ஒன்றியத்தில் பொதுமக்களுக்கான வரைபடங்களில் ஊர்களையும் ஆறுகளையும் வேண்டுமென்றே இடம் மாற்றிப் போட்டதை 1988-ல் அவர்களுடைய தலைமை வரைபட அதிகாரியே ஒப்புக்கொண்டார். உங்கள் தாளில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் விடுபட்டவை உண்டு. அளவையாளர் வந்த பருவத்தில் இருந்த குடிசை தாளில் ஏறும், அடுத்த பருவத்தில் போட்டது ஏறாது. குறி விளக்கத்தில் "குடியுள்ள ஊர்", "கைவிட்ட ஊர்" என்று தனித்தனி அடையாளம் இருக்கிறது, பாருங்கள். பிந்தைய பதிப்பு கிடைத்து, அதில் உங்கள் ஊர் இரண்டாவது அடையாளத்துக்கு மாறியிருந்தால் ஊர் காலியான காலமும் பிடிபடும்.

இடைக்காலத் தாள் ஒன்று கிடைத்தால் நல்லது. டெக்சஸ் பல்கலைக்கழக நூலகத்தின் தளத்தில், அமெரிக்க ராணுவம் 1950-களில் இந்தியாவுக்குப் போட்ட இரண்டரை லட்சத்தில் ஒரு பங்கு அளவுத் தாள்கள் இலவசமாக இருக்கின்றன. அந்த அளவில் சிற்றூர் தெரியாமல் போகலாம், ஆறு வளைகிறதா நேராகப் போகிறதா என்பது தெரியும். அவையும் பழைய அளவைகளை வைத்து வரைந்தவைதான், ஆகவே அங்கேயும் ஓரக் குறிப்பு முதலில். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: பிரிட்டன் என்றால் ஸ்காட்லாந்து தேசிய நூலகத் தளம், அமெரிக்கா என்றால் நில அளவைத் துறையின் 1884 முதலான தாள்கள், சுவிட்சர்லாந்து என்றால் அந்நாட்டு அளவைத் துறையே ஆண்டை நகர்த்தி நகர்த்திப் பார்க்கும்படி வைத்திருக்கிறது. எல்லாம் காசில்லாமல்.

என் ஊகம் தப்பாகவும் இருக்கலாம். சோதித்துப் பார்க்க இரண்டு வழி. கூகுள் எர்த்தில் வறண்ட மாதத்துப் படம் ஒன்றை எடுத்து, எல்லைக்கோடு வளையும் இடத்தைப் பாருங்கள். பிறை வடிவில் மண் நிறம் மாறியிருந்தாலோ, குட்டை ஏதாவது வளைந்து கிடந்தாலோ சரி. ஒன்றுமே இல்லாமல் சீரான வயலாக இருந்தால் நான் சொன்னதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், வேறு காரணம் தேடலாம். இரண்டாவது, அம்மாவிடம் எந்தக் கரை என்று இனிமேல் கேட்காதீர்கள். பாட்டியின் பேச்சில் "பழைய ஆறு" என்று எப்போதாவது வந்ததா என்று மட்டும் கேட்டு எழுதுங்கள்.