நைலான் ரிசீவரும் பெரிய தோட்டாவும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

டெக்சாஸில் இருக்கும் என் மச்சான் ஏஆர்-15 ரைஃபிளுக்குப் பாலிமர், அதாவது நைலான் போன்ற பிளாஸ்டிக்கில் செய்த கீழ் ரிசீவர் (விசை இருக்கும் கீழ் உடல்பகுதி) போட்டிருக்கிறார். பன்றி வேட்டைக்காக அதில் .458 சோகாம் என்ற பெரிய தோட்டாவுக்கான குழல் மாட்டப் போகிறாராம். வெடித்துவிடாதா ஐயா? (விசைத்தறி உரிமையாளர், பல்லடம்)

வெடிக்காது, உடையலாம். இரண்டும் வேறு வேறு. தோட்டாவின் அழுத்தத்தைத் தாங்குபவை, தோட்டா உட்காரும் சேம்பரும் அதைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டும். ஏஆர் வகையில் போல்ட்டின் பற்கள் குழலோடு சேர்ந்த எஃகுத் துண்டிலேயே பூட்டிக்கொள்கின்றன. கீழ் ரிசீவருக்கு அந்தச் சண்டையில் பங்கே இல்லை. சொல்லப்போனால் .458 சோகாமின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டுதான். ஏஆர்-15-இன் வழக்கமான, அதைவிடச் சிறிய 5.56 மி.மீ. தோட்டாவில் அழுத்தம் இன்னும் மிக அதிகம்.

வினை பின்னுதையில் இருக்கிறது. மூன்றரைக் கிலோ துப்பாக்கியில் 5.56 சுமார் 6 ஜூல் உதைக்கிறது என்றால், இது நான்கைந்து மடங்கு உதைக்கும். அந்த உதை தோளுக்கு வரும் வழி, கீழ் ரிசீவரின் பின்பக்கம், தோளில் வைக்கும் கட்டையைத் தாங்கும் பஃபர் குழாயைத் திருகியிருக்கும் மெல்லிய வளையம். பாலிமர் ரிசீவர்கள் விரிசல் விடுவது பெரும்பாலும் அங்கேதான், இல்லாவிட்டால் அதை ஒட்டி, மேல் ரிசீவரோடு இணைக்கும் ஊசி நுழையும் துளையில். துப்பாக்கி கைதவறி விழுந்து கட்டை தரையில் மோதினாலும் அதே இடம்தான் முறியும்.

உங்கள் தறியையே பாருங்கள். எருமைத்தோல் பிக்கர் போய் பிளாஸ்டிக் பிக்கர் வந்தது. ஓயாமல் நாடாவை அடித்தும் தாங்குகிறது, ஏனென்றால் அடி விழும் இடத்தில் தடிமனாகச் செய்திருக்கிறார்கள். ரிசீவரிலோ அலுமினியத்துக்கென்று வரைந்த அளவை அப்படியே நைலானில் வார்த்தால் வளையம் பலவீனமாகத்தான் இருக்கும். கட்டையையும் ரிசீவரையும் ஒரே வார்ப்பாகச் செய்து இந்தச் சிக்கலைத் தாண்டிய வடிவங்களும் உண்டு. உங்கள் மச்சானை அலுமினிய ரிசீவர் வாங்கச் சொல்லுங்கள். விலை வித்தியாசம் பெரிதில்லை.

கண்ணாடி இழை நைலானுக்கும் அலுமினியத்துக்கும் பலத்தில் எவ்வளவு வித்தியாசம்? (பொறியியல் மாணவர், பெருந்துறை)

30 சதவீத இழை சேர்த்த நைலான் 66 காய்ந்த நிலையில் ஏறத்தாழ 180 மெகாபாஸ்கல் இழுவை தாங்கும். 7075-டி6 அலுமினியம் 570. விறைப்பில் அலுமினியம் ஏழு மடங்குக்கும் மேல். 'காய்ந்த நிலையில்' என்ற சொல்லைக் கவனியுங்கள். நைலான் காற்றிலிருந்து ஈரம் குடிக்கும். குடித்தால் பலம் குறையும், ஆனால் நொறுங்கும் தன்மையும் குறையும். இன்னொன்று, அச்சுக்குள் உருகிய பிளாஸ்டிக்கின் இரண்டு ஓட்டங்கள் சந்திக்கும் கோடு. பீளமேட்டில் நான் பிளாஸ்டிக் பம்பு விசிறி வார்த்த காலத்தில் உடைந்து திரும்பி வந்தவை எல்லாம் அந்த வெல்ட் லைனில்தான் உடைந்திருந்தன. துளையைச் சுற்றி அந்தக் கோடு தவறாமல் உருவாகும். ரிசீவரிலோ எங்கு பார்த்தாலும் துளை!

சூட்டில் பாலிமர் இளகி, குறி தப்புமா? (காங்கேயம்)

தப்பிய கதை உண்டு. ஜெர்மானிய ராணுவத்தின் ஜி36 ரைஃபிளில் குழலைப் பிடிக்கும் எஃகுத் துண்டு பாலிமர் ரிசீவருக்குள் பதிந்திருக்கும். தொடர்ந்து சுட்டுச் சூடேறினால் குறி விலகுகிறது என்று புகார் எழுந்து, இப்போதைய வடிவில் அதற்கு எதிர்காலம் இல்லை என்று 2015-இல் பாதுகாப்பு அமைச்சரே அறிவித்தார். இத்தனைக்கும் அது சுடுவது சிறிய 5.56. பெரிய 7.62 மி.மீ. தோட்டா சுடும் ஸ்கார் ரைஃபிளில் மேல் ரிசீவர் அலுமினியம், கீழ்ப்பகுதி மட்டும் பாலிமர். எனக்கு அதுதான் நியாயமான பங்கீடாகப் படுகிறது. 1959-இல் வந்த, நைலான் உடல் கொண்ட 'ரெமிங்டன் நைலான் 66' ரைஃபிள் பத்து லட்சத்துக்கு மேல் விற்றதே என்பார்கள். அது சுட்டது வெறும் .22 என்ற சின்னத் தோட்டா.

முப்பரிமாண அச்சில் ரிசீவர் செய்து பார்க்கலாமா? (கோவை)

கூடாது. உரிமம் இல்லாமல் ஆயுதம் செய்தால் ஏழு ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை. மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

தாத்தாவின் இரட்டைக்குழல் துப்பாக்கிக் கட்டை, பிடிக்குப் பக்கத்தில் விரிசல் விட்டிருக்கிறது. பிளாஸ்டிக் கட்டை போடலாமா? (கோபி)

போடலாம், ஆனால் அவசரப்படாதீர்கள். பல ஆண்டுகளாக இரும்பிலிருந்து இறங்கிய எண்ணெய் மரத்தை ஊறவைத்து மென்மையாக்கியிருக்கும்; பின்னுதை அதைப் பிளந்திருக்கும். உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள். எண்ணெயை உறிஞ்சி எடுத்து, உள்ளே ஊசி வைத்து ஒட்ட முடிந்தால் தேக்கோ வால்நட்டோ இன்னும் ஒரு தலைமுறை வரும். பிறகு துப்பாக்கியைக் குழல் கீழ்நோக்கி இருக்கும்படி நிறுத்தி வையுங்கள். எண்ணெய் கட்டைக்குள் இறங்காது.