சங்கம் வைத்தால் முதலாளிக்குத் துரோகமா?

கேள்வி: வணக்கம் அக்கா. நான் சுன்னாகம் பக்கம். பத்து வருசத்துக்கு மேலாக ஒலி, ஒளி அமைக்கிற வேலை செய்கிறேன். பெரும்பாலும் ஒரு முதலாளியிடம்தான் போவேன். சீசன் நேரத்தில் இன்னும் இரண்டு மூன்று பேர் கூப்பிடுவார்கள். எல்லாம் நாட்கூலி. போன ஆனியில் ஒரு கோயில் பூங்காவனத்தன்று என்னோடு வேலை செய்யும் பெடியன் லைற் கட்டின கோபுரத்தில் இருந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டான். முதலாளி முதல் மாதம் காசு கொடுத்தார். இப்போது, "கோயில்காரரே எனக்கு மிச்சக் காசு தரேல்லை, நான் எங்க போறது" என்கிறார். நாங்கள் சிலபேர் சங்கம் ஒன்று தொடங்குவோமா என்று கதைக்கிறோம். அப்பாவோ, "சங்கம் கிங்கம் எண்டு திரிஞ்சால் நாளைக்கு ஒருத்தனும் வேலைக்குக் கூப்பிடமாட்டான்" என்கிறார். முதலாளி எனக்கு அண்ணை மாதிரி. என் கலியாணத்துக்கு லைற், சவுண்ட்ஸ் எல்லாம் சும்மா செய்து தந்தவர். சங்கம் வைத்தால் அது அவருக்குச் செய்யும் துரோகமா? எங்களைப் போன்ற நாட்கூலிக்காரருக்குச் சங்கத்தால் என்ன பிரயோசனம்?
– பெயர் வேண்டாம், வலிகாமம்

பதில்: தம்பி, துரோகம் இல்லை. சட்டம், காசு எல்லாவற்றையும்விட அந்தக் கேள்விதான் உங்களை அரித்துக்கொண்டிருக்கிறது என்று உங்கள் கடிதத்தில் தெரிகிறது. அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் முதலாளி கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. அவர் எங்கே நெருக்கப்படுகிறார் என்று பாருங்கள். கோயில்காரர் மூன்று இடத்தில் விலை கேட்பார்கள். குறைந்த விலை சொன்னவருக்கு வேலை. பெட்டி, மிக்சர், லைற் எல்லாம் ஏற்கெனவே கடன்பட்டு வாங்கியவை. ஜெனரேற்றருக்கு டீசல் எல்லாருக்கும் ஒரே விலைதான். அப்படியானால் எங்கே குறைப்பது? ஆளில். ஆறு பேர் செய்ய வேண்டிய வேலைக்கு மூன்று பேர் வருகிறார்கள். ஒருவர் மேலே ஏறினால் கீழே கயிறு பிடிக்க ஆளில்லை. விடியவிடிய நிகழ்ச்சி முடிந்து, அதே மூன்று பேரும் கழற்றி ஏற்றி, அன்று பின்னேரமே அடுத்த கோயிலில் இறக்க வேண்டும். உங்கள் பெடியன் விழுந்த இடம் அந்தக் கோபுரம்தான், ஆனால் விழுத்தியது அந்த விலை.

சோளகம் அடிக்கிற ஆனி, ஆடியில் எங்கள் கோயில்களில் எத்தனை திருவிழா! இருபது, இருபத்தைந்து அடிக் கோபுரம், உச்சியில் லைற். நாலு பக்கமும் இழுத்துக் கட்டிய கயிறு, மணலில் அடித்த முளை. சாமி வெளிவீதி வரும் நேரம், சனத்துக்கு இடைஞ்சல், அந்தக் கயிற்றை ஒருக்கா அவிழ்த்து விடு தம்பி என்று ஒருவர் வந்து சொல்வார். சொல்பவர் கோயிலில் பெரிய மனிதர். அந்த நேரத்தில் ஏலாது என்று சொல்வது யார்? தனி ஆளாக நீங்கள் சொன்னால் வாய்க்காரன் என்று பெயர் வரும், அடுத்த திருவிழாவுக்கு வேறு பெடியன் வருவான். நாலு கயிறும் கட்டாமல் சங்கத்து ஆள் ஒருவரும் மேலே ஏறமாட்டார், காற்று மிஞ்சினால் லைற் கீழே இறங்கும் என்று எல்லா முதலாளிமாரும் அறிய எழுதி வைத்திருந்தால், அது உங்கள் வாய்த்துடுக்கு அல்ல, தொழிலின் விதி. உங்கள் முதலாளியும் கோயில்காரரிடம், "இத்தனை ஆள் இல்லாமல் இந்த வேலைக்கு ஒருத்தரும் வரமாட்டினம், நான் மட்டும் எப்படிக் குறைக்கிறது" என்று தலை நிமிர்ந்து சொல்லலாம். அவரோடு போட்டி போடுகிறவரும் அதே விலையைத்தான் சொல்ல வேண்டி வரும். அண்ணைக்கு நீங்கள் செய்யக்கூடிய உதவி இதைவிடப் பெரிதாக எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

மேடைத் தொழிலாளர் சங்கம் என்பது இன்று நேற்று வந்த யோசனை அல்ல. 1893இல் அமெரிக்காவின் 11 நகரங்களில் நாடகக் கொட்டகைகளில் திரை இழுத்தவர்கள், தட்டி தூக்கியவர்கள், விளக்குப் பிடித்தவர்களின் பிரதிநிதிகள் நியூயோர்க்கில் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். ஐயாட்சி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இன்று அமெரிக்கா, கனடா இரண்டிலும் மேடை, ஒலி, ஒளி, உடை, ஒப்பனை, சினிமாப் படப்பிடிப்பு என்று திரைக்குப் பின்னால் நிற்பவர்களை அது பிரதிநிதித்துவம் செய்கிறது. உங்களுக்கு அதில் படிக்க இருப்பது என்னவென்றால், அவர்களும் உங்களைப் போலவே இன்று ஒரு முதலாளி, நாளை இன்னொருவர் என்று ஓடுகிறவர்கள். ஆகவே மருத்துவமும் ஓய்வூதியமும் ஒரு முதலாளியைச் சார்ந்து இருக்கக்கூடாது என்று முடிவெடுத்தார்கள். சங்கத்தோடு ஒப்பந்தம் செய்த முதலாளிகள், அவர்களிடம் வேலை செய்த நேரத்துக்கான பங்கைப் பொது நிதியில் போட வேண்டும். ஆள் மாறிமாறி வேலை செய்தாலும் சேமிப்பு அந்தத் தொழிலாளிக்குப் பின்னாலேயே வரும். வேலைக்குக் கூப்பிட்டால், அது ஒரு மணித்தியாலத்தில் முடிந்தாலும், நாலு மணித்தியாலக் கூலி குறையாமல் கொடுக்க வேண்டும் என்று அவர்களின் பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. நிகழ்ச்சி மழையில் நின்றுவிட்டது என்று உங்களை வெறுங்கையோடு அனுப்பிய நாட்களை நினைத்துப் பாருங்கள்.

நித்திரை விசயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 1997இல் லொஸ் ஏஞ்சல்சில் ஒரு கமரா உதவியாளர் 19 மணித்தியாலம் படப்பிடிப்பில் நின்றுவிட்டு வீட்டுக்குக் கார் ஓட்டிக்கொண்டு போகும்போது கண்ணயர்ந்து விபத்தில் இறந்தார். ஒரு வேலை முடிந்து அடுத்த வேலை தொடங்க இடையில் எத்தனை மணித்தியாலம் என்ற சண்டை அதற்குப் பிறகும் நெடுங்காலம் நடந்தது. 2021இல் வேலைநிறுத்தத்துக்கு அனுமதி கேட்டு ஐயாட்சி வாக்கெடுப்பு நடத்தியபோது வாக்களித்தவர்களில் 98 வீதத்துக்கு மேல் ஆம் என்றார்கள். வேலைநிறுத்தம் நடக்கவில்லை, அதற்கு முன்பே உடன்பாடு வந்தது. நாளுக்கு 10 மணித்தியால இடைவெளி அதில் ஒன்று. விடியப்புறம் நாலு மணிக்குச் சாமான் ஏற்றிவிட்டு மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் எங்கள் பெடியளை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

இனி எங்கள் நாட்டுச் சட்டம். தொழிற்சங்கம் அமைக்கவும் சேரவும் உள்ள உரிமை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையிலேயே இருக்கிறது. 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி 7 உறுப்பினர் கையொப்பமிட்டு, சங்கத்தின் விதிகளை எழுதிய யாப்போடு தொழிற்சங்கப் பதிவாளருக்கு விண்ணப்பித்தால் போதும். முதலாளிமாரும் அதே சட்டத்தின் கீழ் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைக்கலாம். சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரை நிறுத்துவது நேர்மையற்ற தொழில் நடைமுறை என்று 1999இல் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்துக்கு வந்த திருத்தம் சொல்கிறது. ஓர் இடத்தில் வேலை செய்பவர்களில் 40 வீதத்துக்குக் குறையாதவர்கள் சங்கத்தில் இருந்தால் அந்தச் சங்கத்தோடு பேச முதலாளி மறுக்க முடியாது. ஐந்து பேர் வேலை செய்கிற இடம் என்றால் இரண்டு பேர் போதும்.

நாட்கூலிக்காரருக்கு ஈபிஎஃப் இல்லை என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். பிழை. ஊழியர் சேமலாப நிதி தற்காலிக, நாட்கூலித் தொழிலாளருக்கும் உண்டு. உங்கள் கூலியில் 8 வீதம், முதலாளி 12 வீதம். அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு (ஈரிஎஃப்) முதலாளி 3 வீதம். தனியாகப் போய் இதைக் கேட்டால் முகம் முறியும். சங்கம் கேட்டால் அது கணக்கு.

அப்பா சொல்வது வெறும் பயம் அல்ல. சட்டப் புத்தகத்தில் என்ன இருந்தாலும், இரண்டு பேர் மட்டும் கொடி பிடித்தால் அந்த இரண்டு பேருக்கும் அடுத்த சீசனில் தொலைபேசி அடிக்காது. அதனால் ஒரே முதலாளியின் ஆட்களை மட்டும் சேர்த்துத் தொடங்க வேண்டாம். வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி என்று பல இடத்து ஆட்களோடு ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை ஓய்ந்திருக்கும்போது கதையுங்கள். பங்குனிக்கு முன் எல்லா முதலாளிமாரோடும் இருந்து பேசுங்கள். முதல் நாளே கூலியைக் கூட்டு என்று போகாதீர்கள். ஆள் எண்ணிக்கை, கயிறு, ஜெனரேற்றருக்கு எர்த், ஈர மணலில் கிடக்கும் வயருக்கு ட்ரிப் சுவிட்ச், இரண்டு வேலைக்கு இடையில் நித்திரை. இவற்றை எந்த முதலாளியும் வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லமாட்டார். கூலி பிறகு வரும், வரத்தான் வேண்டும்.

சென்னையைப் பார்த்தும் படிக்கலாம், நல்லதும் கெட்டதும். அங்கே பெப்சி என்ற சினிமாத் தொழிலாளர் சம்மேளனத்தின் கீழ் லைட்மேன், ஒப்பனை, சண்டை, நடனம் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனிச் சங்கம். 2020இல் கொரோனாவால் படப்பிடிப்பு நின்றபோது நாட்கூலி உறுப்பினருக்காக அந்தச் சம்மேளனம் வெளிப்படையாகக் கேட்டது, நடிகர்கள் பணமும் அரிசி மூட்டையும் கொடுத்தார்கள். கேட்க ஒரு வாய் இருந்ததால் கிடைத்தது. ஆனால் அங்கே உறுப்பினர் அட்டை எடுக்கப் பெருந்தொகை வேண்டும், புதியவன் உள்ளே வர முடியவில்லை என்ற குறையும் பல காலமாக இருக்கிறது. நீங்கள் கதவைப் பூட்டாதீர்கள். இங்கே இன்னொரு பூட்டும் இருக்கிறது, அதையும் வெளிப்படையாகச் சொல்கிறேன்: ஊர், சாதி பார்த்து ஆள் சேர்த்தால் அது தொழிற்சங்கம் அல்ல. தவில் அடிப்பவர், பாட்டுக்காரப் பிள்ளைகள், ஒப்பனை செய்யும் பெண்கள், பந்தல் போடுபவர் எல்லாரும் அதே மேடைக்காரர்தான். இரவு நிகழ்ச்சிக்கு வரும் பெண்ணுக்கு உடை மாற்ற ஓர் அறை, வீடு திரும்ப ஒரு வாகனம் என்பதும் உங்கள் முதல் கோரிக்கைகளில் இருக்கட்டும்.

கூட்டாக நிற்பது யாழ்ப்பாணத்துக்குப் புதிதும் அல்ல. நீங்கள் அடிக்கடி பெட்டி இறக்கும் வீரசிங்கம் மண்டபமே கூட்டுறவுக்காக உழைத்த ஒருவரின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. இசை நாடக நடிகர் நடிகமணி வி. வி. வைரமுத்து மயானத்தில் அரிச்சந்திரனாக நின்று பாடியதை எங்கள் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அந்த மயானத்துக்கு வெளிச்சம் பிடித்தவர்களின் பெயர் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. 2024 பெப்ரவரியில் முற்றவெளியில் நடந்த இசை நிகழ்ச்சியில் சனம் தடுப்புகளைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த இரவைப் பற்றியும் கிழமைக்கணக்கில் கதைத்தோம். கோபுரத்தடியில் வயரைக் காத்துக்கொண்டு நின்றவர்களைப் பற்றி எவ்வளவு கதைத்தோம்?

சங்கம் வரக் காலம் எடுக்கும். விழுந்த பெடியனுக்கு அந்தக் காலம் இல்லை, அவனுடைய காரியத்தை இப்போதே செய்யுங்கள். வேலையின்போது, வேலை காரணமாக ஏற்பட்ட காயத்துக்கு முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டும் என்பது 1934ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். நியமனக் கடிதம் இல்லாவிட்டாலும், வாய்ச்சொல்லில் வேலைக்கு எடுத்திருந்தாலும் அது செல்லும். நாட்கூலி என்பதும் தடையல்ல, ஏனென்றால் அவன் செய்தது முதலாளியின் தொழிலுக்கான வேலை. கோயில்காரர் மிச்சக் காசு தரவில்லை என்பது முதலாளிக்கும் கோயிலுக்கும் இடையிலான கணக்கு, அதற்கும் இவனுடைய இடுப்பெலும்புக்கும் தொடர்பில்லை. முதலில் விபத்து நடந்ததை முதலாளிக்கு எழுத்தில் அறிவித்து, பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கோரிக்கை வைக்கக் காலக்கெடு உண்டு, இழுத்தடிக்க வேண்டாம். ஆஸ்பத்திரியின் வைத்திய அறிக்கை, எக்ஸ்ரே, "நாளைக்கு நாலு மணிக்குக் கோயிலடிக்கு வா" என்று முதலாளி அனுப்பிய வட்ஸ்அப் செய்திகள், குரல் பதிவுகள், கூலி கொடுத்ததற்கு ஏதாவது அடையாளம், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணத்தில் உள்ள தொழில் திணைக்கள அலுவலகத்துக்கு அவனோடு நீங்களும் போங்கள். போக முன்பு அண்ணையிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டுப் போங்கள், மறைத்துச் செய்ய வேண்டாம். அன்று எத்தனை பேர் வேலைக்கு வந்தீர்கள், எந்தக் கயிறு அவிழ்ந்திருந்தது, யார் அவிழ்க்கச் சொன்னார், காற்று எப்படி இருந்தது என்பதை இன்றிரவே ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி, உடனிருந்தவர்களிடமும் கையொப்பம் வாங்கி வையுங்கள்.